மாதவிடாய் நிற்கும் வயதில் ஓமோன், தைரொயிட், சத்துக் குறைபாடு: எதை எப்போது பார்ப்பது, எப்படிச் சரிசெய்வது

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்ணொருவர், களைப்பாக இருக்கிறது, நித்திரை வருவதில்லை, தலைமயிர் கொட்டுகிறது, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்று சொன்னால், வீட்டிலும் வெளியிலும் அவருக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: “மாதவிடாய் நிற்கிற வயது, அப்படித்தான் இருக்கும்.” இந்தப் பதிலில் உண்மை இருக்கிறது, ஆனால் முழு உண்மையும் இல்லை. தைரொயிட் சுரப்புக் குறைவு, இரும்புச்சத்துக் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு ஆகிய மூன்றும் இதே வயதில், இதே குணங்குறிகளோடு வரக்கூடியவை. மூன்றையும் சாதாரண இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்கலாம், மூன்றுக்கும் நல்ல மருந்து உண்டு. எனவே எல்லாவற்றையும் வயதின் தலையில் போடாமல், எது ஓமோன் மாற்றத்தால் வருவது, எது வேறொரு குறைபாட்டால் வருவது என்று பிரித்துப் பார்ப்பதே முதல் வேலை.

நீங்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறீர்கள்

கடைசி மாதவிடாய்க்குப் பின்னர் தொடர்ந்து 12 மாதங்கள் இரத்தப்போக்கு இல்லாதிருந்தால்தான் மாதவிடாய் நின்றுவிட்டது என்று வைத்தியர்கள் கொள்வார்கள். பெரும்பாலான பெண்களுக்கு இது 45 வயதுக்கும் 55 வயதுக்கும் இடையில் நிகழ்கிறது. அதற்கு முந்திய சில வருடங்களே அதிகம் சிரமம் தருபவை. அக்காலத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஓமோன் படிப்படியாகக் குறைவதில்லை. ஒரு மாதம் மிகக் கூடியும் அடுத்த மாதம் மிகக் குறைந்தும் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. மாதவிடாய் இருபது நாளில் வருவது, பிறகு இரண்டு மாதம் வராமல் இருப்பது, வந்தால் அளவுக்கு மிஞ்சிப் போவது என்பனவெல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தின் விளைவுகள்.

இந்தக் காரணத்தாலேயே, 45 வயதைக் கடந்த ஒருவர் தமக்கு மாதவிடாய் நிற்கப் போகிறதா என்று அறிவதற்காக எஃப்.எஸ்.எச்., ஈஸ்ட்ரடையோல் போன்ற ஓமோன் அளவுகளைப் பரிசோதிப்பது பெரும்பாலும் வீண் செலவு. இன்று கூடியிருக்கும் அளவு அடுத்த மாதம் சாதாரணமாக இருக்கலாம். தனியார் ஆய்வுகூடங்களில் “ஓமோன் பக்கேஜ்” என்று விற்கப்படும் நீண்ட பட்டியலுக்குப் பணம் கட்டுவதைவிட, மாதவிடாய்த் திகதிகளையும் குணங்குறிகளையும் மூன்று மாதம் நாட்குறிப்பில் எழுதிக்கொண்டு போவது வைத்தியருக்கு அதிகம் உதவும். இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 45 வயதுக்கு முன்னரே மாதவிடாய் குழம்பினால் அல்லது நின்றால் பரிசோதனை செய்யவே வேண்டும். குறிப்பாக 40 வயதுக்கு முன் நிற்பது நோயாகவே கருதப்படுகிறது. எலும்பையும் இதயத்தையும் காப்பாற்ற அவர்களுக்குப் பொதுவாக ஓமோன் சிகிச்சை தேவைப்படும்.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மாதவிடாய் குழம்பிவிட்டது என்பதற்காகக் கருத்தரிக்கும் வாய்ப்பு அற்றுப்போகவில்லை. 50 வயதுக்கு மேற்பட்டவர்கள் கடைசி மாதவிடாயிலிருந்து ஒரு வருடமும், அதற்குக் குறைந்த வயதினர் இரண்டு வருடமும் கருத்தடையைத் தொடர்வது பாதுகாப்பு.

கொழும்பு வெக்கையும் உடம்புக்குள்ளிருந்து வரும் வெக்கையும்

ஏப்ரல் மாதப் புழுக்கத்தில் வெள்ளவத்தையில் பஸ்ஸுக்கு நிற்கும் எல்லோருக்கும் வியர்க்கும். ஆகவே இந்நகரத்துப் பெண்கள் தமக்கு வருவது திடீர் வெப்ப அலை என்பதை நீண்ட காலம் அறியாமலே இருந்துவிடுகிறார்கள். அதை அடையாளம் காணும் முறை இது: நெஞ்சிலோ கழுத்திலோ தொடங்கி முகத்துக்கு ஏறும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் வியர்த்து ஊற்றும், அது அடங்கும்போது குளிர்வதுபோல் இருக்கும். குளிரூட்டிய அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்கும்போதும் வரும், அதிகாலை நித்திரையிலும் வரும்.

தைரொயிட் அதிகமாகச் சுரப்பவர்களின் வெக்கை இப்படி அலை அலையாக வருவதில்லை. நாள் முழுவதும் சூடு தாங்க முடியாமல் இருக்கும், நீட்டிய விரல்கள் நடுங்கும், பசி கூடினாலும் உடம்பு மெலியும், வயிறு இளகிப் போகும். காலையில் கட்டிலை விட்டு எழும்புவதற்கு முன் மணிக்கட்டில் ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணிப் பாருங்கள். ஓய்வாகப் படுத்திருக்கும்போதும் 100க்கு மேல் துடித்தால் அதை மாதவிடாய் நிற்பதன் விளைவு என்று விட்டுவிடக் கூடாது. இரவு வியர்வையோடு இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் உடல் மெலிவும் சேர்ந்திருந்தால் காசநோய்ப் பரிசோதனை தேவை. நெஞ்சு இறுக்கம், மூச்சு வாங்குதல், தாடைக்கோ கைக்கோ பரவும் நோ ஆகியவற்றுடன் வியர்த்தால் யாரிடமும் யோசனை கேட்டுக்கொண்டிராமல் 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள்.

தைரொயிட்டை எப்படிப் பார்ப்பது

தைரொயிட் சுரப்புக் குறைந்தால் களைப்பு, மலச்சிக்கல், தோல் வறட்சி, மறதி, மனச்சோர்வு, எடை கூடுதல் என்பன வரும். மாதவிடாய் அதிகமாகப் போவதற்கும் அது காரணமாகலாம். இந்தப் பட்டியலுக்கும் மாதவிடாய் நிற்கும் காலத்துக் குணங்குறிகளின் பட்டியலுக்கும் இடையே வித்தியாசம் அதிகம் இல்லாததால், அனுமானத்தை நம்பாமல் இரத்தத்தைப் பரிசோதிப்பதே வழி.

முதலில் தேவைப்படுவது ரி.எஸ்.எச். என்ற ஒரேயொரு பரிசோதனை. ரி.எஸ்.எச். என்பது தைரொயிட்டைச் சுரக்கத் தூண்டும் ஓமோன்; தைரொயிட் சுரப்புக் குறைந்தால் பொதுவாக இது கூடும். பெரும்பாலான ஆய்வுகூடங்களில் இதன் சாதாரண அளவு ஏறத்தாழ 0.4 முதல் 4 வரை. அது பிசகியிருந்தால் மாத்திரம் ஃப்ரீ ரி4 என்ற தைரொயிட் ஓமோனின் அளவையும், சுரப்பியை உடம்பே தாக்குகிறதா என்று காட்டும் நோய் எதிர்ப்புப் பரிசோதனையையும் வைத்தியர் கேட்பார். தலைமயிருக்கும் நகத்துக்கும் என்று விற்கப்படும் பயோட்டின் குளிசைகளை எடுப்பவர்கள், இரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்னர் அவற்றை நிறுத்த வேண்டும். பயோட்டின் இரத்தத்தில் இருந்தால் சில இயந்திரங்கள் பிழையான அளவைக் காட்டும், இல்லாத நோய்க்கு மருந்து தொடங்கும் நிலைகூட வரலாம். இது பலருக்குத் தெரியாத விடயம் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

ரி.எஸ்.எச். சற்றுக் கூடியிருந்து ரி4 சாதாரணமாக இருந்தால் அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதித்தால் பலருக்கு அது தானாகவே இறங்கியிருக்கும். 10க்கு மேல் தொடர்ந்து நின்றால் பொதுவாக லிவோதைரொக்சின் என்ற தைரொயிட் ஓமோன் குளிசை தொடங்கப்படும். இடைப்பட்ட அளவுகளுக்கு வயது, குணங்குறி, இதயநிலை பார்த்து முடிவு செய்ய வேண்டும். இன்னொரு குறிப்பு: தைரொயிட் குறைந்தாலும் கொலஸ்திரோல் ஏறும், மாதவிடாய் நின்றாலும் ஏறும். ஆகவே கொலஸ்திரோல் குளிசை தொடங்குவதற்கு முன் ரி.எஸ்.எச். பார்த்தாயிற்றா என்று வைத்தியரிடம் கேட்பது நியாயமான கேள்வியே.

லிவோதைரொக்சின் எடுப்பவர்களுக்கு மருந்தின் அளவைவிட எடுக்கும் முறையிலேயே அதிகம் தவறு நேர்கிறது. காலையில் வெறுவயிற்றில், வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, காலைச் சாப்பாட்டுக்கும் தேநீர் கோப்பிக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கல்சியம், இரும்பு ஆகிய குளிசைகளுக்கும் இதற்கும் இடையே நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். மூன்றையும் ஒரு பிடியில் விழுங்குகின்றவர்களுக்கு மருந்து உடம்பில் சேராது, ரி.எஸ்.எச். இறங்காது, அதைக் கண்டு வைத்தியர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார். கூடிப்போன தைரொக்சின் எலும்பை அரிக்கும், இதயத்துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும். இரண்டும் இந்த வயதில் ஆபத்தானவை. காலையில் நேரம் ஒத்துவராதவர்கள் இரவுச் சாப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும் முன் எடுக்கலாம். நோன்பு காலத்தில் முஸ்லிம் பெண்களுக்கு இந்த முறை பொருந்தும். சஷ்டி, வெள்ளி விரதமிருப்பவர்கள் தண்ணீரோடு குளிசையை எடுத்துக்கொண்டு விரதத்தைத் தொடரலாம். விரதத்துக்காக மருந்தை விடுவது தேவையில்லை.

இந்த மருந்து சூட்டையும் ஈரத்தையும் தாங்காது. அடுப்புக்கு அருகிலோ கடற்பக்க ஜன்னலோரத்திலோ வைக்காமல், வந்த உறையிலேயே குளிர்ந்த அலுமாரியில் வையுங்கள். பார்மசியில் மருந்தின் கம்பனி மாறினால் கவனித்து, வைத்தியரிடம் சொல்லுங்கள். அளவோ கம்பனியோ மாறினால் ஆறு முதல் எட்டு வாரங்கள் கழித்தே ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும், அதற்கு முன் பார்ப்பதால் உண்மை நிலை தெரியாது.

இரும்புச்சத்து: மாதவிடாய் நிற்பதற்கு முன்னரும் பின்னரும்

மாதவிடாய் தாறுமாறாகப் போகும் வருடங்களில் இரும்புச்சத்து வேகமாகக் கரைந்து போகிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே இறங்கினால் அது இரத்தச்சோகை. ஆனால் ஹீமோகுளோபின் சாதாரணமாக இருக்கும்போதே சேமிப்பு இரும்பு தீர்ந்திருக்கலாம் என்பதால் ஃபெரிட்டின் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். அது 15க்குக் கீழிருந்தால் சேமிப்பு வற்றிவிட்டது என்று பொருள். 30க்குக் கீழிருந்தாலே பல வைத்தியர்கள் மருந்து கொடுப்பார்கள். தைரொயிட் ஓமோனை உருவாக்கும் நொதியத்துக்கும் இரும்பு தேவை என்பதால், ஒரு குறைபாடு மற்றதை மோசமாக்கும்.

எங்கள் வீடுகளில் இரும்புக்கு முதல் எதிரி தேநீர். பாண் சாப்பிட்டதும் ஒரு தேநீர், சோற்றுக்குப் பின் ஒரு பிளேன்டீ என்ற பழக்கம் சாப்பாட்டிலிருந்து கிடைக்கும் இரும்பைத் தடுத்துவிடுகிறது. தேநீரை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடித்தால் போதும். கௌபி, பயறு, கீரை வறை ஆகியவற்றோடு தேசிக்காய்ப் புளி விடுவதும், சாப்பாட்டோடு கொய்யாப்பழமோ நெல்லிக்காயோ உண்பதும் இரும்பை ஈர்த்துக்கொள்ள உதவும். இரும்புக் குளிசை வயிற்றைப் பிரட்டினால், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று வைத்தியரிடம் கேளுங்கள். அப்படி எடுக்கும்போது ஒவ்வொரு குளிசையிலிருந்தும் உடம்பு கூடுதலான இரும்பை ஏற்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

மாதவிடாய் நின்ற பின்னர் நிலைமை தலைகீழாகிறது. ஒரு பெண்ணின் இரும்புத் தேவை நாளொன்றுக்கு 18 மில்லிகிராமிலிருந்து 8 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதன் பிறகும் இரும்பு குறைந்தால் வயிறு, குடல் பகுதியில் எங்கோ இரத்தம் கசிகிறதா என்று தேட வேண்டும். குளிசை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்புவது போதாது. ஒரு வருடம் நின்ற பின் மீண்டும் இரத்தம் கண்டால், அது ஒரு துளியாக இருந்தாலும், நோவே இல்லாவிட்டாலும், கருப்பைப் புற்றுநோய் இல்லை என்பதை உறுதிப்படுத்தும்வரை ஓயக் கூடாது. வெட்கப்பட்டு மறைப்பவர்களே இதில் தாமதமாகி உயிரை இழக்கிறார்கள். உங்கள் அம்மாவுக்கோ மாமிக்கோ அக்காவுக்கோ இப்படி நேர்ந்தால், அவர்கள் வேண்டாம் என்றாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.

எலும்பு, கல்சியம், வெயில்

மாதவிடாய் நிற்பதை ஒட்டிய சில வருடங்களில் எலும்பு மிக வேகமாக அடர்த்தி இழக்கிறது. 50 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு நாளொன்றுக்கு 1200 மில்லிகிராம் கல்சியம் என்பது அமெரிக்கப் பரிந்துரை. பிரித்தானியா 700 என்று நிறுத்துகிறது. இடையிலுள்ள அளவை உணவிலிருந்தே பெற முயல்வது நல்லது. பால்மாவை மட்டும் நம்ப வேண்டாம்: ஒரு கோப்பைத் தேநீரில் போடும் இரண்டு தேக்கரண்டிப் பால்மாவில் 100 மில்லிகிராம்கூட வராது. முள்ளோடு உண்ணும் நெத்தலி, தயிர், தோல் நீக்காத எள்ளில் பிடித்த எள்ளுருண்டை, முருங்கையிலை வறை, குரக்கன் மாவில் அவித்த பிட்டு ஆகியன நல்ல வழிகள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. குளிசை தேவைப்பட்டால் ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மிகாமல், கல்சியம் காபனேற் வகையானால் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும்.

வருடம் முழுவதும் வெயில் காயும் ஊரில் விற்றமின் டி எப்படிக் குறையும் என்று கேட்கிறார்கள். மாடி வீட்டுக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் பகலைக் கழித்து, வெளியே போனால் குடை பிடித்து, தோலை மூடி நடப்பவர்களின் தோலில் வெயில் படுவதே இல்லை. காலை இளவெயில் சுகமானது, ஆனால் விற்றமின் டியை உண்டாக்கும் கதிர்கள் அதில் மிகக் குறைவு. பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் கையும் முகமும் படும்படி 15 முதல் 30 நிமிடம், வாரத்தில் சில நாட்கள் நின்றால் பயன் கிடைக்கும். தோல் கறுப்பாக இருந்தால் நேரம் கூடுதலாகத் தேவைப்படும். பரிசோதனையில் 20 நனோகிராமுக்குக் கீழே இருந்தால் வைத்தியர் சொல்லும் அளவில் குளிசை எடுங்கள். சொந்த யோசனையில் நாளொன்றுக்கு 4000 அலகுக்கு மேல் எடுப்பது சிறுநீரகத்துக்குக் கேடு.

எலும்புக்குப் பாரமும் தேவை. காலிமுகத்திடலிலோ விகாரமகாதேவிப் பூங்காவிலோ நடப்பது இதயத்துக்கு நல்லது. எலும்புக்கும் தசைக்கும் அதோடு வாரத்தில் இரண்டு நாள் மாடிப்படி ஏறுதல், கதிரையில் உட்கார்ந்து எழும்புதல், இரண்டு லீற்றர் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி இறக்குதல் போன்றவை வேண்டும். இந்த வயதில் புரதத்தைக் குறைப்பது பிழை. ஒவ்வொரு வேளையும் மீன், முட்டை, பருப்பு, கடலை என ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும்.

பி12, அயடீன்

நீரிழிவுக்கு மெட்ஃபோமின் நீண்ட காலம் எடுப்பவர்கள், வயிற்றெரிவுக்கு ஒமெப்ரசோல் தொடர்ந்து எடுப்பவர்கள், மச்சம் உண்ணாதவர்கள் ஆகியோருக்கு விற்றமின் பி12 குறையக்கூடும். கால் மரத்தல், எரிவு, மறதி, நாக்குப் புண் ஆகியன இருந்தால் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலம் மட்டும் எடுத்தால் இரத்தச்சோகை மறைந்து நரம்புச் சேதம் தொடரக்கூடும்.

அயடீனைப் பற்றி அதிகம் கவலைப்படத் தேவையில்லை. இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது சட்டமாக இருக்கிறது. உப்பை மூடிய பாத்திரத்தில் வைத்து, சமையலின் முடிவில் சேர்த்தால் போதும். “தைரொயிட்டுக்கு நல்லது” என்று விற்கப்படும் கடற்பாசிக் குளிசைகளை வாங்காதீர்கள். அளவுக்கு மிஞ்சிய அயடீனும் சுரப்பியைக் கெடுக்கும். கோவா, மரவள்ளி ஆகியவற்றையும் அறவே ஒதுக்க வேண்டியதில்லை. நன்றாக அவித்து, அளவோடு உண்ணலாம்.

ஓமோன் சிகிச்சை

ஓமோன் மருந்து என்றதும் புற்றுநோய் என்ற பயம் எழுவதற்கு, 2002ஆம் ஆண்டு அமெரிக்காவில் இடைநிறுத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று முக்கிய காரணம். அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. அவர்களில் பெரும்பாலானோர் மாதவிடாய் நின்று நெடுங்காலம் கழிந்தவர்கள். பின்வந்த மீளாய்வுகளின்படி, 60 வயதுக்குக் குறைந்தவர்கள் அல்லது மாதவிடாய் நின்று 10 வருடங்களுக்குள் இருப்பவர்களில், தடையொன்றும் இல்லாதவர்களுக்கு நன்மை பொதுவாக அபாயத்தைவிட அதிகம். வெப்ப அலைக்கு இதைவிடச் சிறந்த மருந்து இல்லை, எலும்பையும் காக்கும். ஈஸ்ட்ரோஜனையும் புரொஜெஸ்தரோன் வகையையும் சேர்த்து நீண்ட காலம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் அபாயம் சற்றுக் கூடும் என்பதும் உண்மை. இரண்டையும் எடைபோட்டுத் தீர்மானிக்க வேண்டியவர் நீங்களும் உங்கள் வைத்தியருமே. பயமுறுத்தும் அயலவர் அல்லர்.

கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜனைத் தனியாக எடுக்கக் கூடாது; புரொஜெஸ்தரோன் வகை மருந்து சேர வேண்டும், இல்லையேல் கருப்பை உட்சுவர் தடித்துப் புற்றுநோய்க்கு இடமாகும். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், காரணம் தெரியாத இரத்தப்போக்கு உள்ளவர்கள், இரத்தக்கட்டி அல்லது கடும் ஈரல் நோய் உள்ளவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். தைரொயிட் மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு முக்கியமான தகவல்: வாயால் எடுக்கும் ஈஸ்ட்ரோஜன் தைரொக்சின் தேவையைக் கூட்டும், ஆதலால் தொடங்கி ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் ரி.எஸ்.எச். பார்க்க வேண்டும். தோலில் பூசும் ஜெல்லுக்கும் ஒட்டும் பட்டைக்கும் இந்தப் பாதிப்பு இல்லை, இரத்தம் கட்டும் அபாயமும் அவற்றில் கூடுவதில்லை. யோனி வறட்சியும் சிறுநீர் எரிவும் மட்டுமே சிரமம் என்றால் அவ்விடத்தில் மட்டும் பூசும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் போதும். இதைப் பற்றிப் பேசத் தயங்கியே பல பெண்கள் வருடக்கணக்காக வேதனையைத் தாங்குகிறார்கள். ஓமோன் ஆகாதவர்களுக்கு வெனலஃபெக்சின், கபபென்டின் போன்ற மருந்துகள் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத மூலிகைத் தூளை வாங்க வேண்டாம்.

கொழும்பில் எங்கே தொடங்குவது

35 வயது கடந்த பெண்களுக்காக சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளின் கீழ் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. சிங்களத்தில் ‘சுவ நாரி’ என்று கேட்டாலும் வழி காட்டுவார்கள். இரத்த அழுத்தம், சீனி, மார்பகம், கருப்பைக் கழுத்து ஆகியன அங்கே இலவசமாகப் பார்க்கப்படும். உங்கள் பகுதி எந்தப் பணிமனையின் கீழ் வருகிறது, எந்த நாளில் கிளினிக் என்பதைக் குடும்பநல மாதுவிடம் கேட்டறியலாம். இரத்தப்போக்குச் சிக்கலுக்கு பொரளையிலுள்ள காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கோ டி சொய்சா மகளிர் வைத்தியசாலைக்கோ செல்லலாம். மருந்தை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் விலை கேட்டுப் பார்த்து வாங்குங்கள்.

வைத்தியருடன் இருக்கும் நேரம் குறைவு, பல இடங்களில் தமிழ் பேசுவோரும் குறைவு. அதனால் ஒரு தாளில் கடைசி மாதவிடாய்த் திகதி, மிகவும் வருத்தும் மூன்று குணங்குறிகள், எடுக்கும் எல்லாக் குளிசைகளின் பெயரும் நேரமும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, தைரொயிட் நோய் இருந்தவர்கள் ஆகிய விபரங்களை எழுதி, மகளையோ மருமகளையோ கொண்டு சிங்களத்திலும் எழுதுவித்து எடுத்துச் செல்லுங்கள். முழு இரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், ரி.எஸ்.எச்., எச்.பி.ஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனி), கொலஸ்திரோல் ஆகியவற்றில் உங்களுக்கு எவை தேவை, பி12உம் விற்றமின் டியும் பார்க்க வேண்டுமா என்று நேரடியாகக் கேளுங்கள். முடிவுகளை ஒரே கோப்பில் திகதி வரிசையில் வைத்து, அடுத்த தடவை போகும்போது பழைய தாள்களையும் கையில் கொண்டு போங்கள்.